பெரிய மாப்பிள்ளை பிடித்த மாடு

ஒரு வீட்டு மாப்பிள்ளைகளில் யார் பெரியவர் என்பதை வயது முடிவு செய்வதில்லை; கட்டிய பெண் முடிவு செய்கிறாள். இது தெரியாமல் நான் ஒரத்தநாட்டில் இரண்டாவது பெண்ணைக் கட்டிவிட்டேன். மூத்தவளைக் கட்டிய சகலை செந்தில் என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் அவர்தான் ‘பெரிய மாப்பிள்ளை’. முன்தலையில் முடியே இல்லாத நான் ‘சின்ன மாப்பிள்ளை’. போதாக்குறைக்கு அவரை நான் அண்ணே என்று கூப்பிட வேண்டும் (மனைவி உத்தரவு). பந்தியில் முதல் இலை அவருக்கு. குழம்பில் மீன் தலையும் அவருக்கு. எனக்கு வயிறு எரியும்.

மாமனார் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வாசலில் பசுவும் கன்றும் வந்து நின்றன. பசுவை உள்ளே அழைத்துப்போவது அந்த வீட்டில் பெரிய மாப்பிள்ளையின் உரிமை. அவரோ தயிர் வாங்கப் போயிருந்தார்.

“பெரிய மாப்ள எங்கப்பா?” என்றார் மாமனார்.

“வயசுப்படி பாத்தா நான்தானே மாமா,” என்று சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடுங்கினேன். சகலை வந்து வாங்கிவிடக் கூடாதே என்று மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியும் கொண்டேன்.

“சார், கன்னுக்குட்டிய விட்டுட்டுப் போறீங்களே,” என்றார் மாட்டுக்காரர்.

“அது பின்னாடி வரும்,” என்றேன், மாடு மேய்த்தே வளர்ந்தவன் மாதிரி. (நான் வளர்த்தது ரெண்டு லவ் பேர்ட்ஸ். அதுவும் பறந்துவிட்டது.)

கூடம் வரை பசு மகாலட்சுமியாக வந்தது. வெளியே கன்று “ம்மா” என்றது. அவ்வளவுதான். பசு திரும்பியது, கூடவே நானும். புது டைல்ஸில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தபடியே வழுக்கிப்போய், வாசல் கோலத்தை முழுசாகத் துடைத்துவிட்டு, பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். வாழைமரம் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தயிர் வாளியோடு வந்தார் செந்தில். கன்றைப் பிடித்துப் பசுவிடம் விட்டார். பசு சாதுவாக நின்றது. என் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து, “அடி பட்டுச்சா சகலை?” என்று வேட்டியில் ஒட்டிய கோலமாவையும் தட்டிவிட்டார். இதில் நல்ல மனிதராக வேறு இருந்து தொலைக்கிறாரே என்று எனக்கு இன்னும் எரிந்தது. பசுவும் கன்றும் அவர் பின்னாலேயே ஒழுங்காக உள்ளே போயின.

இப்போதெல்லாம் சொந்தத்தில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும், மாடு வந்ததும் மாமியார் குரல் வரும்: “பெரிய மாப்ளயக் கூப்பிடுங்க.” எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். செந்தில் மரியாதையாக ஒதுங்கி நின்று, “போங்கண்ணே” என்பார்.

மாடு வீட்டைவிட்டுப் போனதும் பந்தி போடுவார்கள். முதல் இலை மறுபடியும் அவருக்குத்தான்.