நாஷ்டா பாய் லைன்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை உள்ள அத்தனை ஷூ கம்பெனிகளையும் சலித்துப் பாருங்கள், நாஷ்டா பாய் மாதிரி இன்னொரு சூப்பர்வைசர் அகப்பட மாட்டார். எல்லாக் கம்பெனியிலும் கேட்டில் கைரேகை வாங்குவார்கள். இவர் வயிற்றை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போதே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆஜராகிவிடுவார். இறங்குகிற ஒவ்வொருத்தியிடமும் அதே கேள்விதான். "நாஷ்டா ஆச்சா? இன்னா நாஷ்டா? வீட்ல எல்லாம் ஷாந்தியா?" அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏதோ பாசக்காரர் விசாரிக்கிறார் என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன். காலேஜ் முடித்த கையோடு அவருடைய லைனில் செக்கராகச் சேர்ந்திருந்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கிற வேலை. இரண்டாம் நாளே புரிந்துவிட்டது, அந்த விசாரணையை வைத்துத்தான் மனிதர் அன்றைய வேலையைப் பிரிக்கிறார் என்று.

புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் சுத்தியல். தோலின் ஓரத்தை மடித்து, பசை பிடிக்கத் தட்டுகிற வேலை. கல்யாணம் நிச்சயமாகி, தானாகச் சிரிக்கிற பெண் என்றால் உள்பக்கத் துணி தைக்க வேண்டும். "இவ கண்ணு மெஷின்ல இல்ல. தையல் கோணலா போனாலும் உள்ளே யாருக்குத் தெரியப்போவுது?" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பசை தடவுகிற இடம். அது வாசலுக்குப் பக்கம், போன் வந்தால் ஓடிப்போய்ப் பேசலாம்.

கணியம்பாடியிலிருந்து வரும் வளர்மதிக்குச் சுத்தியல் என்றாலே ஆகாது. ஒருநாள் வீட்டில் பெரிய ரகளை நடந்தும், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இறங்கினாள்.

"வீட்ல ஒண்ணும் இல்ல பாய். ஜாலியா கீறோம்."

பாய் அவள் கையைப் பார்த்தார். "ஜாலியா கீறவ தண்ணி பாட்டில் மூடியை இந்தத் திருகு திருகுவாளா? போ, சுத்தி எடு."

எங்கள் லைனில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். அவர்களுக்குள் முட்டிக்கொண்ட நாளில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஆளுக்கொரு சுத்தியல் கொடுப்பார். சத்தம் ஹைவே வரை கேட்கும். அன்றைக்கு வருகிற மடிப்பு இருக்கிறதே, இஸ்திரி போட்ட மாதிரி படிந்திருக்கும்.

நானும் தப்பவில்லை. ஒருநாள் சாப்பிடாமல் வந்தேன் என்று தெரிந்ததும் என்னை நேராக கேன்டீனுக்குத் துரத்தினார். "பசியோட செக்கிங்ல உக்காந்தா நல்ல பீஸ்லகூட நொட்டை தெரியும்மா. துன்னுட்டு வந்து ரிஜெக்ட் பண்ணு."

ஒருமுறை மேனேஜர் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். தொழிலாளியின் திறமையைப் பாதிப்பவை என்று திரையில் ஒவ்வொன்றாக வந்தது. வெளிச்சம், காற்றோட்டம், நாற்காலியின் உயரம். பாய் பவ்வியமாகக் கை தூக்கினார்.

"சார், மாமியார் எந்த ஸ்லைடுல வருது?"

வகுப்பு அத்தோடு முடிந்தது.

அப்புறம்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய ஆர்டர் வந்தது, மொத்தமும் ஒரே லாட்டாக. மேனேஜர் லைனுக்கு நடுவில் நின்று சுற்றி வளைக்காமல் சொன்னார். "இது பாஸ் ஆனா இந்த லைன் இங்கேயே இருக்கும். ஆகலேன்னா மெஷினெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டுக்குப் போயிடும். வர்றவங்க வரலாம்." யார் போவது? சமைத்துவைத்துவிட்டு பஸ் பிடிக்கிற பெண்கள் அவ்வளவு தூரம் எப்படிப் போக முடியும்?

லாட்டைச் சோதித்துப் பாஸ் போட ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள் வருகிற அன்று காலை, பஸ்ஸடியில் பாய் இல்லை. உள்ளே போனால் மனிதர் வேறு ஆளாக நிற்கிறார். "இன்னாம்மா தூங்குறே? கை இருக்குதா இல்லியா?" அதுவரை நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டிராத கத்தல். ஒருத்திக்கு ஊசி உடைந்தது. இன்னொருத்தி பசை டப்பாவைக் கவிழ்த்தாள். என் மேஜையில் ரிஜெக்ட் குவிந்துகொண்டே போனது. மேனேஜர் வாங்கிப் போட்ட புது ஃபேன்கள் தலைக்கு மேல் அமோகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

வளர்மதி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"பாய், நாஷ்டா ஆச்சா?"

லைன் மொத்தமும் அப்படியே நின்றது. "நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் எறங்கல வளரு" என்றார் பாய் மெதுவாக.

மாமியார் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நின்ற இடத்திலேயே நாலு இட்லி தின்னவைத்து, கையில் சுத்தியலைக் கொடுத்து உட்காரவைத்தோம். பாய் தட்டினார். தட்டத் தட்ட முகம் தெளிந்தது. லைனும் சீராக ஓட ஆரம்பித்தது. அவர் தட்டியதில் சில பீஸை நானே ரிஜெக்ட் செய்தேன். அவற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் தள்ளிக்கீறே" என்று மறுபடி தட்ட உட்கார்ந்தார்.

வந்தவர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சூப்பர்வைசர் கோட்டுப் போட்ட ஒருவர் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து சுத்தியல் அடிப்பதைப் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டார். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. பதில் சொன்னது வளர்மதிதான், அதுவும் தலை நிமிர்ந்து.

"எங்க பாய் சார்."

லாட் பாஸ் ஆனது. சாயங்காலம் கேன்டீனில் ஒரே கும்மாளம். மேனேஜரும் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "உங்க பாய்க்கு ஸ்ரீபெரும்புதூர்ல இதைவிடப் பெரிய போஸ்ட் ரெடியா இருந்துச்சு. லாட் ஃபெயில் ஆயிருந்தா அவருக்கு லாபந்தான்."

வளர்மதிதான் கேட்டாள். "அப்போ இன்னாத்துக்கு பாய் ராத்திரியெல்லாம் சாப்புடாம, காத்தால வந்து அந்தக் கத்து கத்துனீங்க?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்கள்லாம் இல்லாத லைன்ல போயி நான் இன்னாம்மா பண்றது?"

இப்போது நான் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறேன். இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் கம்பெனி பெயர் வாயில் வருவதில்லை. நாஷ்டா பாய் லைனில் இருந்தேன் என்கிறேன். அதுவும் கொஞ்சம் சத்தமாகவே.