கம்பியில்லாக் கருவியும் பவுனம்மா அக்காவின் சொம்பும்

"ஞாயிறு, காலை 10.42. அதிர்வு இல்லை. நான்தான்."

என் அதிர்வு நோட்டில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு அடியில் பழைய சுரங்கம் எப்போதாவது புரண்டு படுக்கும். அலமாரியில் பாத்திரம் குலுங்கும். அந்த நாளையும் நேரத்தையும் பல வருடங்களாகக் குறித்துவருகிறேன். (யாரும் கேட்கவில்லை.) நோட்டின் நகலைக் கோலாரில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப நினைத்திருந்தேன். அந்த ஞாயிறு மாலை லைன்காரர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

பொறுப்புள்ள மனிதன் அன்று காலை அடக்கமாக உட்கார்ந்திருப்பான். நான் வீடியோ கேம் ஆடினேன்.

தலையில் மாட்டினால் வீடு மறைந்து வேறு உலகம் தெரியும் வி.ஆர். ஹெட்செட் ஒன்று வாங்க எனக்கு ஆசை. (மகளுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். ஹாஸ்டலில் இருக்கும் மகள் போனிலேயே மறுத்துவிட்டாள்.) தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் மச்சான் ஜீவா, நண்பர்களிடம் இரண்டு ஹெட்செட்டுகளை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தான். ஒன்று லேப்டாப்பில் கம்பியால் மாட்டுவது. மற்றது கம்பியே இல்லாதது. எடை, பேட்டரி, மூக்குக்கண்ணாடியோடு ஒத்துவருமா, எவ்வளவு இடம் வேண்டும் என்று பதினொரு கட்டம் போட்டு வைத்திருந்தேன்.

"இன்னா மாமா, ஹெட்செட் வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜீவா பால் வாங்கப் போனான்.

கம்பி வைத்ததில் ஆறாவது நிமிடம், என் மனைவி வசந்தியின் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். கம்பி எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அதற்கு மதிப்பெண் குறைத்தேன்.

அடுத்தது கம்பியில்லாதது. ஆடும் இடத்துக்குத் தரையில் எல்லைக் கோடு வரையச் சொன்னது. ஆறரை அடிக்கு ஆறரை அடி வேண்டுமாம். எங்கள் கூடத்தில் கட்டிலும் மெஷினும் போக மிச்சம் நாலடி. அளவில் நான் சமரசம் செய்பவன் இல்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டு, தெருவையும் சேர்த்துக் கோடு போட்டேன்.

உள்ளே ஒரு குகை. ரத்தினம் பொறுக்க வேண்டும். மூன்று பொறுக்கியிருப்பேன். 'டம்' என்று காதுக்குள் ஒரு சத்தம். கையிலிருந்த ரிமோட் நடுங்கியது. கூரையிலிருந்து கல் கொட்டியது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் குனிந்து தப்பித்து அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பான். எங்கள் லைன் வழக்கம் வேறு. அதிர்வை முதலில் உணர்ந்தவர் பக்கத்து வீட்டுச் சுவரை மூன்று முறை தட்டி, "ஏர் பிளாஸ்ட்!" என்று கத்திவிட்டுத்தான் ஓட வேண்டும். (ஆழத்தில் பாறை வெடித்துத் தரை குலுங்குவதற்குச் சுரங்க நாளில் வைத்த பெயர்.) தட்டினேன். கத்தினேன். ஓடினேன். தடுக்கக் கம்பியும் இல்லை.

தெரு நடுவில் கையை விரித்து நின்று ஆள் கணக்கு வேறு எடுத்தேன்.

"செவுரு ஓரமா நிக்காதீங்க! பவுனம்மா அக்கா வந்தாச்சா?"

"உன் எதுருலதான் நிக்கறேன் தம்பி" என்றது ஒரு வௌவால்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். அடுத்த வீட்டுப் பவுனம்மா அக்கா கையில் கரண்டியோடு நின்றார். பின்னால் மொத்த லைனும். சுரங்கத்தில் ஆட்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாணிக்கம் அண்ணன், பாதி முகத்தில் சவர நுரையோடு முன்னால் வந்தார்.

"இன்னாய்யா அது மூஞ்சியில?"

"ஹெட்செட்ணா. டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன்."

"அப்போ நோட்டுல கீற பழைய அதிர்வெல்லாம்? அதுவும் இத்த மாட்டிக்கினு எழுதினதுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாலையில் இனி யார் கையெழுத்துப் போடுவார்கள்? எத்தனை வருட நோட்டு!

"பூரிய எண்ணெயில விட்டுட்டு ஓடியாந்தேன். கருகிப்போச்சு. அதையும் குறிச்சிக்கோங்க" என்றாள் வசந்தி.

மாலை ஐந்துக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். ஐந்தரை வரை யாரும் வரவில்லை. பிறகு பவுனம்மா அக்கா வந்து பேனாவைக் கேட்டார்.

"நீ தட்டறதுக்கு முன்னாடியே எங்கூட்டு அலமாரி சொம்பு உருண்டுச்சு தம்பி. நானே கத்த வாயெடுத்தேன். நீ முந்திக்கினே."

பின்னாலேயே வந்த மாணிக்கம் அண்ணன் விடவில்லை. "இவன் தட்டின தட்டுலதான் உருண்டிருக்கும்."

"எனக்குத் தெரியாதா? மொதல்ல சொம்பு. அப்புறம்தான் இவன்."

அரைமணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "காலையில நடந்தத ஒளிக்காம எழுது. கையெழுத்துப் போடறேன்." மேலே நீங்கள் படித்த வரியை அவர் கண் முன்னால் எழுதினேன். அவர் போட்டதும் லைனே வரிசையில் நின்று போட்டது.

ஹெட்செட்டும் வாங்கினேன். கம்பியில்லாததுதான். நான் அதை மாட்டினால் வசந்தி தன் பழைய புடவையின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைத் தையல் மெஷினிலும் கட்டிவிடுகிறாள். தெருவில் என்னைப் பார்த்தால் மாணிக்கம் அண்ணன் இன்றும் கேட்பது ஒன்றுதான்: "இன்னாய்யா, அவுத்து வுட்டுட்டாங்களா?"

நோட்டில் அந்தப் பதிவுக்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: "அடுத்த வீட்டுச் சொம்பு உருண்டது சுவரைத் தட்டுவதற்கு முன்பா, பின்பா? சரிபார்க்கப்படவில்லை."