மைதானத்துக்குள் உண்டியல் குலுக்கியவன்

உருப்படியாக எனக்குத் தெரிந்த ஒரே கலை உண்டியல் குலுக்குவது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சங்கத்துக்காகக் குலுக்கிப் பழகியது. கொடுக்க மனமில்லாதவன்கூட, சத்தம் நின்றால் போதும் என்று கொடுத்துவிட்டுப் போவான். அந்தத் திறமையை வைத்து ஒரு கால்பந்து ஆட்டத்தையே நான் நாசமாக்கியது ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

ஸ்டெல்லா எங்கள் தெருப் பெண். பார்வையற்றோர் கால்பந்து அணி ஒன்றைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் மீனவர் குப்பத்து வேலு அந்த அணியின் கேப்டன். பயிற்சி, வீடு, வேலை எல்லாம் படமாக்கியாகிவிட்டது. அடுத்த மாதம் வெளியூரில் அவர்கள் ஆடவிருந்த பெரிய போட்டிதான் பாக்கி. கேமராவோடு அங்கே போக அவளிடம் பணமில்லை. போகாவிட்டால் படம் பயிற்சியோடு நின்றுவிடும். (தாலி கட்டும்போது பேட்டரி தீர்ந்துபோன கல்யாண வீடியோ மாதிரி.) ஆகவே ராயபுரத்தில் ஒரு காட்சி ஆட்டம் வைத்து ஊர்க்காரர்களிடம் வசூலிப்பது என்று முடிவானது. வசூல் கமிட்டித் தலைவர் நான். நியமித்ததும் நானே.

ஸ்டெல்லா விதிகளை விளக்கினாள். கோல்கீப்பருக்கு மட்டும்தான் கண் தெரியும். மற்றவர்கள் பந்துக்குள் கலகலக்கும் மணிகளைக் கேட்டுத்தான் ஓடுவார்கள்.

"அதனால ஆட்டம் நடக்கும்போது யாரும் சத்தமே போடக் கூடாது, அங்கிள்."

நான் பலமாகத் தலையாட்டினேன். அது ஜனங்களுக்கான விதி என்றுதான் மனத்தில் பதிந்தது. கமிட்டித் தலைவரையும் அது கட்டுப்படுத்தும் என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். பந்து வெளியே போகாமல் இரு பக்கமும் பலகை நிறுத்த வேண்டும். எங்களிடம் இருந்தது மீன் வலை. அதையே இடுப்பளவுக்குக் கட்டினோம். ஜனங்கள் வலைக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே நின்றேன், ஏனென்றால் கேமரா உள்ளே இருந்தது. (சட்டையும் புதுசு.)

ஆட்டம் தொடங்கியது. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்தார்கள். மனம் இளகியிருக்கும்போதே கையேந்திவிட வேண்டும் என்பது சங்கத்தில் கற்ற பாடம். தகர உண்டியலில் என் பங்குச் சில்லறையைக் கொட்டி, பழைய பழக்கத்தில் குலுக்கினேன்.

அதே நேரம் பந்து யார் காலிலோ பட்டு மெதுவாக உருண்டு நின்றிருந்தது. நின்ற பந்து சத்தம் போடாது. மைதானத்தில் அப்போது சத்தம் போட்ட ஒரே வஸ்து நான்தான். வேலு என் பக்கம் காதைத் திருப்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் என்னை நோக்கி ஓடிவந்தார்கள்.

உண்டியலை அசைக்காமல் நின்றிருந்தாலே போதும். நான் ஓடினேன். ஓடினால் உண்டியல் இன்னும் நன்றாகக் குலுங்கும் என்கிற அறிவியல் அப்போது கைகொடுக்கவில்லை. வலை காலைத் தட்டியது. நான் ஒரு பக்கமும் உண்டியல் ஒரு பக்கமும் விழுந்தோம். வேலு உண்டியலை ஓங்கி உதைத்தார். மூடி கழன்று சில்லறை நாலாபக்கமும் தெறிக்க, ஆட்டக்காரர்களும் நாலாபக்கமும் ஓடினார்கள். "அங்கிள், நின்னுடுங்க" என்று ஸ்டெல்லா கத்தியதற்கு, "நான் படுத்துதான் இருக்கேன்" என்று பதில் கத்தினேன். வேலுவின் அடுத்த உதை என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது.

விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். மைதானமெங்கும் காசு, எவர் கால் வைத்தாலும் சத்தம். ஸ்டெல்லா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் நின்றவர்கள் நழுவத் தொடங்கினார்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பவானி அக்கா வலையைத் தூக்கி, அடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"இன்னா சார், ஆடறது அவங்களா நீயா? அந்தாண்ட போய் குந்து."

குந்தினேன்.

"யாரும் போவாதீங்க. வந்து காசப் பொறுக்குங்க. ஒண்ணு கெடந்தாலும் புள்ளைங்களுக்கு பேஜாரு." கூட்டம் மண்டியிட்டுப் பொறுக்கியது. பவானி அக்கா தன் மீன் கூடையில் ஒரு துண்டை விரித்தார். "இனிமே சில்லற யாரும் போடாதீங்க. சத்தம் வரும். நோட்டா போடுங்க. நோட்டு வாய மூடிகினு கெடக்கும்."

"என்னாண்ட காயினுதான் கீது, க்கா" என்றார் ஒருவர்.

"பக்கத்துல நிக்கிறவன் உன் தோஸ்துதான? கைமாத்து வாங்கி நூறா போடு."

மறுபடி ஆட்டம் தொடங்கியது. கூடை ஓசையில்லாமல் கை மாறியது. பேச முடியாத இடத்தில் பேரமும் பேச முடியவில்லை, எல்லோரும் போட்டார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி கடந்தபோது ஆட்டம் நிற்க, கூட்டமும் பொறுமையாகக் காத்திருந்தது. வேலு கோல் போட்டதும், அதுவரை அடக்கிவைத்த சத்தம் மொத்தமும் ஒன்றாகக் கிளம்பியது. கூடையைப் பார்த்த ஸ்டெல்லா அங்கேயே ரயில் டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

போனார்கள். அரையிறுதியில் தோற்றார்கள். ஆனாலும் வேலு அங்கே போட்ட கோல் படத்தில் இருக்கிறது. திருவொற்றியூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் முதல் தடவை திரையிட்டபோது, திரைப் பக்கமே திரும்பாமல் வேலு கூட்டத்தின் கைதட்டலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து டீ குடிக்கும்போது, என் மனைவியின் முன்னிலையில் நான் பெருந்தன்மை காட்டினேன்.

"அன்னிக்கு நீங்க உதைச்சத நான் மனசுல வெச்சிக்கல, வேலு. பாவம், பந்துன்னுதானே நெனச்சீங்க."

வேலு சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு என் மனைவி காபிக்கு முன்னால் பரிமாறுகிறாள்.

"மொத ஒதை பந்துன்னு நெனச்சி வுட்டது, நைனா. ரெண்டாவது, நீதான்னு தெரிஞ்சே வுட்டேன்."