சர்க்கார் சேவல்

"எங்கண்ணன் வந்துச்சு. வீட்டுல இருந்த சாவல அடிச்சுக் கொழம்பு வச்சேன். இதுல என்னங்க குத்தம்?" என்றாள் இன்னாசியம்மாள்.

அவள் புருஷன் சூசைமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, அது சர்க்கார் சாவல்டி!"

"நம்ம சாவலக் குடுத்துத்தானே வாங்குனீங்க?"

வாங்கியது என்னவோ அப்படித்தான். நாட்டுச் சேவலைக் கொடுத்தால் சர்க்காரில் வெள்ளைச் சீமைச் சேவல் தருவார்கள். பியூன் வெள்ளைச்சாமிதான் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார். "நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது முட்டை இடும். இந்தச் சேவலுக்குப் பொறக்குற பெட்டை நூத்தியிருபது இடும்" என்று போன வாரம் கால்நடை அதிகாரி பாடம் நடத்தினார். கடைசியில், "ஒரு எறகு கொறைஞ்சாலும் கம்பி எண்ணணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். இப்போது ஒரு இறகுகூட மிச்சமில்லை. இன்று மத்தியானம் அவர் பார்க்க வருகிறார்.

"சீமைச் சாவல்ங்கிறது சரிதாங்க. வெந்நீர்ல முக்குனேன், தண்ணி பாலாட்டம் ஆயிருச்சு" என்று வியந்தாள் அவள்.

அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையின் சிவப்புச் சேவலை இரவல் வாங்கினான். மாதா கோயிலுக்கு வெள்ளையடித்தது போக மிஞ்சிய சுண்ணாம்பை அதன்மேல் பூசினான். சேவல் சிலிர்த்ததில் பாதிச் சுண்ணாம்பு அவன் மீசைக்கு வந்தது. இன்னொரு பூச்சு பூசினான். கனம் தாங்காமல் அது உட்கார்ந்துவிட்டது. வெயிலில் காயவைத்தான். சுண்ணாம்பு வெடித்து உள்ளே சிவப்பு தெரிந்தது. வெடிப்பை அடைக்க அரிசிமாவை அள்ளியபோது வாசலில் ஜீப் நின்றது.

"மாதாவே, இந்த ஒரு தடவ காப்பாத்தும்மா!"

அதிகாரி நேராகப் போய்ச் சேவலைத் தூக்கினார். அவர் உள்ளங்கை வெள்ளையானது. சூசைமாணிக்கத்துக்கு ஜெயில் கதவு சாத்துகிற சத்தமே கேட்டது.

"என்னய்யா இது?"

அவன் வாயைத் திறக்குமுன், ஜீப்பில் கூட வந்த பியூன் வெள்ளைச்சாமி குறுக்கே பாய்ந்தார். ஏனோ அவருக்கும் வேர்த்துக் கொட்டியது. "சீமைச் சரக்குங்கய்யா. நம்ம ஊரு வெயிலுக்குப் பவுடர் உதிரும்."

"ஓ, அப்படியா?" அதிகாரி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

சூசைமாணிக்கம் பியூனின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அந்தோணியார் மாதிரி வந்து காப்பாத்துனீங்க!"

வெள்ளைச்சாமி சேவலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"வெறுஞ் சுண்ணாம்பு நிக்காதுப்பா, கோந்து கலக்கணும். ஒனக்குக் குடுத்த சாவலுக்கு நான் அப்படித்தானே அடிச்சேன்."