காளியண்ணனுக்கு ஒரு முகாரி

காளியண்ணன் கண்ணை மூடுவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். பாலசுந்தரத்துக்கோ இன்னும் சரணமே பிடிபடவில்லை.

சங்ககிரிக்குக் கிழக்கே பெரிய பண்ணையம் காளியண்ணனுடையது. கார்த்திகையில் படுத்தவர் எழவில்லை. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்பிருங்க" என்று கையை விட்டுவிட்டார். மகன் நாச்சிமுத்து அழுது முடித்த கையோடு, யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஏறிச் சேலம் போனான். அங்கே சங்கீதம் படித்துக்கொண்டிருந்த ராசிபுரத்து நெசவு வீட்டுப் பையன் பாலசுந்தரத்தைப் பிடித்தான்.

"எங்கய்யன் எம்பதைத் தாண்டுனவருங்க. கல்யாணச் சாவு. எடுக்கறப்போ ஒரு பாட்டு வாசிக்கோணும். இதுக்கு முன்னால எந்தப் பொணத்துக்கும் வாசிக்காத பாட்டா இருக்கோணும்."

"சொந்தமா இயற்றச் சொல்றீங்களா?"

"ஆமாங்க. எத்தனை வாத்தியம் வேணுமோ வெச்சுக்கங்க."

அதுவரை பாலசுந்தரம் மற்றவர்கள் செய்த கீர்த்தனைகளைக் கிளாரினெட்டில் வாசித்து, மற்றவர்களிடமே திட்டும் வாங்கியவன். தன் தலைக்குள் நாலு வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்படி ஒருவர் தேடி வந்து கேட்டதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகாரி ராகத்தை எடுத்துக்கொண்டான். கிளாரினெட்டுக்குத் தான், பிடிலுக்குச் சின்னண்ணன், பம்பைக்கு ஆண்டி, கொம்புக்கு ஆண்டியின் மச்சினன் என்று ஆள் சேர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

ஆள் உயிரோடு இருக்கும்போது சாவுப் பாட்டை எங்கே வைத்து ஒத்திகை பார்ப்பது? வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரைதான் தோது என்றான் நாச்சிமுத்து. சத்தம் வெளியே போகாமலிருக்கக் கொம்பின் வாயில் வைக்கோலை அடைத்தார்கள். ஆண்டியின் மச்சினன் மூச்சைக் கூட்டி ஊதினான். முதலில் வைக்கோல் பறந்தது. பின்னாலேயே சத்தம் வந்தது. இரண்டு எருமைகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின.

வாரக்கணக்கில் வாய் திறக்காத காளியண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "டேய் நாச்சிமுத்து, என்றா சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. பக்கத்துத் தோட்டத்துல கல்யாணமுங்க."

கிழவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கஞ்சி கேட்டார்.

மறுநாள் ஒத்திகையைக் கிணற்றுமேட்டுக்கு மாற்றினார்கள். காற்று அங்கிருந்து வீட்டைப் பார்த்து வீசியது.

"கல்யாணம் இன்னுமா முடியல?"

நாச்சிமுத்து அவசரத்தில், "பொண்ணூட்டுக்காரங்க சண்டைங்கய்யா. தாலி கட்ட நேரமாகுதுங்க" என்றான்.

"அப்ப மேளக்காரங்க சும்மாத்தான இருப்பாங்க? இங்க வரச் சொல்லு."

தட்ட முடியவில்லை. கட்டிலுக்கு எதிரே சாக்கு விரித்து நால்வரும் உட்கார்ந்தார்கள். யாருடைய சாவுக்கு இயற்றினானோ, அவர் முகத்தைப் பார்த்தே பாலசுந்தரம் வாசிக்க வேண்டி வந்தது. பல்லவி முடிவதற்குள் காளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அனுபல்லவியில் கண்ணோரம் நீர் வழிந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. வெளியூரிலிருந்து வந்து காத்திருந்த பெண்கள், "ஐயோ, போயிட்டீங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்று காளியண்ணன் கண் திறந்தார். பாலசுந்தரத்தைப் பார்த்து, "இது நீயே கட்டுன பாட்டா சாமி?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"இதேதானா? மாறாதா?"

"இன்னும் திருத்தோணுமுங்க."

"திருத்து. நாளைக்கும் வாசி."

பாலசுந்தரம் திருத்தினான். கொம்பு வேண்டாம் என்றார் கிழவர், எடுத்துவிட்டான். பம்பையைத் தள்ளி வைக்கச் சொன்னார். ஆண்டி வாசலுக்கு அப்பால் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து அடித்தான். ஒவ்வொரு வாசிப்பு முடிந்ததும் காளியண்ணன் பெருமூச்சு விட்டு, ஒரு வட்டில் கஞ்சி கூடுதலாகக் குடித்தார். அப்புறம் களி கேட்டார். அப்புறம் கோழிச் சாறு. துக்கத்துக்கு வந்த சனம் ஊர் திரும்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கம்பு மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது.

"தம்பி, பாட்டை இன்னுங்கொஞ்சம் சோகமாப் பண்ண முடியுமுங்களா?" என்று நாச்சிமுத்து பாலசுந்தரத்தின் காதோடு கேட்டான். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டு, சாமி படத்தின் முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பாலசுந்தரத்தின் நெஞ்சிலும் ஒரு முள் இருந்தது. காலையில் கண் விழிக்குமுன் அவன் காது ஒப்பாரியைத் தேடும். கேட்காவிட்டால் ஒரு சின்ன ஏமாற்றம். பாட்டு அரங்கேற வேண்டுமே! அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கப்பட்டு, அன்றைக்கு இன்னும் உருக்கமாக வாசிப்பான். ஒருநாள் அந்த ஆசையே அவனை விட்டுப் போயிற்று. தினமும் உட்கார்ந்து கேட்க இப்படி ஒரு மனிதர் இருந்தால் போதும், பாட்டு வீதிக்கே வர வேண்டாம் என்று செங்கோட்டு மலைக் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டான்.

வேண்டுதல் பலித்தது. மாசியில் காளியண்ணன் தடியூன்றித் தோட்டம் வரை நடந்தார். பங்குனியில் அதே தடியை நாச்சிமுத்துமேல் ஓங்கினார். சனம் மூட்டை கட்டியது. வைத்தியர் வந்து நாடியை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பாலசுந்தரம் விடைபெற வந்து காலில் விழுந்தான். காளியண்ணன் அவன் தலையில் கை வைத்தார்.

"போயி நல்லாப் படி சாமி. இன்னும் நல்லாப் படி."

அந்தக் கை வெகுநேரம் தலையில் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. கிளாரினெட்டை அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, கிழவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் ஆராயி கட்டுச்சோற்றோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்கக்கா," என்றான் பாலசுந்தரம். "என்ற பாட்டுத்தானுங்களே ஐயாவைப் பொழைக்க வெச்சுது?"

"அதுல என்னங்க சாமி சந்தேகம்? மொதநாளு கட்டுத்தரையில வாசிச்சீங்களே, அப்பவே எங்கிட்டச் சொல்லீட்டாருங்க: 'ஆராயி, இதை ஊதிக்கிட்டுத்தான் என்னையத் தூக்கீட்டுப் போவானுகன்னா, நான் சாவறதாவே இல்ல. கஞ்சியக் கொண்டா'ன்னு."