குண்டுப்பிள்ளை டின்னும் உயர்தர விசாரணையும்

உலகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பால் வார்ப்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. அகில உலக சிசு போஷணை மகாசங்கம் என்று அதற்குப் பெயர். தலைமைக் காரியாலயம் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஏரிக்கரையில். கிளைகள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றாவது கிளை மலாக்காவில், ஆற்றோரத் தெருவில், ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் இருந்தது.

சங்கத்தின் வேலை சுலபமானது. கப்பலில் டின் பால் வரும். வந்ததை ரப்பர் தோட்டங்களின் ஆயாக்கொட்டகைகளுக்கு அனுப்ப வேண்டும். தாய்மார் பால்மரம் என்னும் ரப்பர் மரம் சீவப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். இதில் கப்பல் வருகிற பாகம் மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

மலாக்காவுக்கு வெளியே, செங் என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருசம்மாள் ஆயாவாக இருந்தாள். அவள் பொறுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். நாலு மாதமாகக் கொட்டகைக்கு ஒரு டின்கூட வரவில்லை. பதினெட்டுக்கும் கஞ்சித் தண்ணீர்தான். அதிலும் மரம் சீவும் வீரமுத்துவின் கடைசிப் பெண் குஞ்சம்மாவுக்கு இரண்டு வயதாகியும் நிற்கத் தெம்பில்லை. பழைய காலி டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் அச்சடித்திருந்த குண்டுப்பிள்ளையின் கன்னத்தை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கொட்டகையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, ரப்பர் ஷீட் ஏற்றிப்போகிற லாரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிட்டாள்.

நல்ல வேளையில்தான் வந்தாள். ஏனென்றால் அந்த வாரம்தான் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ‘ஊழியர்களின் நடத்தைத் தவறுகள் மீதான உள்விசாரணைகளில் உன்னதத் தரத்தை உறுதிப்படுத்தும் விதிகள், தொண்ணூற்றாறு’ என்று அதன் நெற்றியில் போட்டிருந்தது. எல்லாக் கிளைகளும் தத்தம் விசாரணையின் தரத்தை ஆறு மாதத்துக்குள் நிரூபித்துக்காட்ட வேண்டுமாம். மலாக்காக் கிளையில் ஆறு வருஷமாக ஒரு புகாரும் இல்லை. புகார் இல்லாமல் தரத்தை எங்கே போய் நிரூபிப்பது? தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, கணேசமூர்த்திக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே “பால் வரலீங்க” என்று இருசம்மாள் வாசலில் வந்து நின்றதும், அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தக் காரியாலயத்திலும் யாரும் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை.

“புகாரா அம்மா? நெசமாவே புகாரா?”

“ஆமாங்க கிராணி ஐயா.”

“வெளியாள் மேலயா, நம்ம ஆள் மேலயா?”

“ஸ்டோர் பாக்குறவரு மேலதாங்க.”

கணேசமூர்த்தியின் கண்கள் கலங்கிவிட்டன. “நல்லா இருப்பீங்க” என்றார்.

ஸ்டோர் பார்க்கிறவர் காளிதாஸ். அவர் அடுத்த மேசையில்தான் இருந்தார். காரியாலயத்திலேயே அழகான கையெழுத்து அவருடையது என்பதால், விசாரணைக் குறிப்புகளை எழுதும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தம்மேல் வந்த புகாரை அவர் எழுத்துக்கு எழுத்து முத்து முத்தாக எழுதினார். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்கிற இடத்தில் தம் பெயரை எழுதி, கீழே அளவுகோல் வைத்துக் கோடும் போட்டார்.

விசாரணை ஆரம்பமாயிற்று.

“பால் வரலைன்னு எப்படித் தெரியும்?”

“வந்திருந்தா புள்ளைங்க குடிச்சிருக்குமுங்களே.”

“அது ஊகம். வேற?”

“வரலீங்க. அவ்வளவுதான்.”

“வராத பாலைக் கண்ணால பாத்தீங்களா?”

அந்த நேரத்தில் கீழ்க்கடையிலிருந்து கோப்பி வந்தது. கடை வடிவேலுவினுடையது. வடிவேலு காளிதாஸின் மச்சான். மலாக்கா வழக்கப்படி காலி பால் டின்னின் விளிம்பில் ஓட்டை போட்டு, சணல் கயிறு கட்டி, அதில் கோப்பி-சூசு என்னும் பால்கோப்பியை ஊற்றித் தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். டின்னின் மேலே நீலப் பட்டை. பட்டையின் நடுவே அந்தக் குண்டுப்பிள்ளை. கீழே மூன்று பாஷையில் ‘தோட்டத்துக் குழந்தைகளுக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருந்தது.

“ஐயா! இந்தா இருக்கே டின்னு!”

“எங்க?”

“உங்க கைப் பக்கத்துலதாங்க.”

கணேசமூர்த்தி டின்னைத் தூக்கிப் பார்த்தார். குண்டுப்பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றறிக்கையைப் புரட்டினார். “விதி பதினாலு. விசாரணை நடத்துறவர் தன் கண்ணால கண்டதைச் சாட்சியமா எடுத்துக்கக் கூடாது. பாரபட்சம் ஆயிடும்.”

“கண்ணால பாத்ததை நம்பக்கூடாதுங்களா?”

“தாராளமா நம்பலாம்மா. எழுதத்தான் கூடாது.”

“அப்ப நான் பாத்தேன்னு எழுதிக்குங்க.”

“நீங்க புகார் குடுத்தவங்க. நீங்க பாத்தா அது பகைமை” என்று காளிதாஸ் பணிவாக எடுத்துச் சொன்னார். பிறகு அவரே ஒரு குவளையில் கோப்பி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். “குடிங்கக்கா. விதி இருபத்திரண்டு. சாட்சிக்குக் கோப்பி குடுக்கணும், போக வர வண்டியும் குடுக்கணும்.”

இருசம்மாள் குடித்தாள். கெட்டிப் பால், நல்ல இனிப்பு, நாக்கைவிட்டுப் போக மனசில்லாத ருசி. ரெண்டு வாய் உள்ளே போனதும் குஞ்சம்மா ஞாபகம் வந்துவிட்டது, மூன்றாவது வாய் இறங்கவில்லை. குவளையைக் கீழே வைத்தாள்.

“சாட்சின்னா எல்லாருக்கும் இது உண்டுங்களா?”

“எல்லாருக்கும்.”

“எத்தனை சாட்சி வரலாம்?”

“எத்தனை வேணும்னாலும். சாட்சி கூடக் கூடத் தரம் கூடும்மா” என்றார் கணேசமூர்த்தி.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கம் அனுப்பிய லாரி காரியாலய வாசலில் வந்து நின்றது. அகில உலக முத்திரை வைத்த காகிதம் போனதால் தோட்டத்துத் துரையும் தடை சொல்லவில்லை. இருசம்மாள் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மிச்சம் என்று பதினெட்டுப் பேரோடும் மாடிப்படி ஏறினாள்.

“என்னாம்மா இது?” கணேசமூர்த்தி பதறிப்போனார்.

“சாட்சிங்க.”

“இவுங்க என்னத்தைச் சாட்சி சொல்லுவாங்க?”

“பால் குடிச்சமா இல்லியான்னு குடிக்காதவுங்களைத் தவிர வேற யாருக்குங்க தெரியும்?”

கணேசமூர்த்தி சுற்றறிக்கையின் விதி முப்பத்தெட்டை எடுத்தார். நேரடி அனுபவம் உடைய சாட்சிகளே முதல்தரச் சாட்சிகள் என்று அதில் கண்டிருந்தது. பதினெட்டு முதல்தரச் சாட்சிகள்! மற்ற முப்பது கிளைகளிலும் கூட்டிப் பார்த்தாலும் இத்தனை தேறாது.

அன்றைய விசாரணைக் குறிப்பு காளிதாஸின் முத்தான கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. சாட்சி எண் மூன்று, கேள்வியைச் செவிமடுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டார். சாட்சி எண் ஏழு அழுதார், எவரும் அவரை வற்புறுத்தவில்லை. சாட்சி எண் பதினொன்று மேசைக்கு அடியில் சிறுநீர் கழித்தார், அது சாட்சியத்தின் பகுதி அன்று என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சாட்சி எண் பதினெட்டு, குஞ்சம்மா, மேசைமேல் இருந்த டின்னைச் சுட்டிக்காட்டி ‘பாப்பா’ என்றார். இந்தக் கடைசிச் சாட்சியத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று தலைமைக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதுவதென முடிவாயிற்று.

பானம் வந்தபோது மட்டும் ஒரு சிக்கல். சின்னப் பிள்ளைக்குக் கோப்பி ஆகாது என்று இருசம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். விதியிலோ கோப்பி என்றுதான் இருந்தது. கணேசமூர்த்தி அரைமணி நேரம் யோசித்து, ‘தூள் நீக்கிய கோப்பி’ பதினெட்டுக் குவளை கொண்டுவரும்படி உத்தரவிட்டார். வடிவேலு வெறும் பாலைக் கரைத்து எடுத்துவந்தான். குஞ்சம்மா இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் குடித்தது. இருசம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உன்னதத் தரம் வாரம் ஒரு அமர்வில் வந்துவிடுமா? வாரம் மூன்றாக்கினார்கள், பிறகு தினம். வடிவேலுவின் கடைக்குப் பால் போதவில்லை. காளிதாஸ் ஸ்டோரில் இருந்த டின் அத்தனையையும் கடைக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. சங்கத்தின் பாலைச் சங்கமே காசு கொடுத்து வாங்கியது. பால் கப்பலிலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பிள்ளைகளின் வயிற்றுக்கும் தங்குதடையில்லாமல் போய்ச்சேர்ந்தது. சங்கம் தோன்றிய நாளிலிருந்து இவ்வளவு ஒழுங்காக வேறெந்தக் காரியமும் நடந்ததில்லை.

ஒருநாள் இருசம்மாள் காளிதாஸிடம் மெதுவாகக் கேட்டாள். “ஏன் தம்பி, நேரா கொட்டகைக்கே டின்னை அனுப்பிச்சிட்டா இத்தனை அலைச்சல் இல்லையே?”

காளிதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையாகவே புண்பட்டுவிட்டார். “விசாரணையில இருக்கிற பாலைக் கொட்டகைக்கு அனுப்புறதா? சாட்சியத்தைக் கலைச்ச மாதிரி ஆயிடும்க்கா. நான் அப்படிப்பட்டவன் இல்ல.”

ஐந்து மாதம் போயிற்று. ஏரிக்கரையிலிருந்து தரத்தைப் பரிசோதிக்க ஒரு துரை கப்பலேறி வந்தார். அறுநூற்று நாற்பது பக்கக் குறிப்பையும் எடைபோடுவது போலக் கையில் தூக்கிப் பார்த்தார். கையெழுத்தை மெச்சினார். சாட்சிகளின் வரிசையை மெச்சினார். குண்டுப்பிள்ளை டின்னிலிருந்து ஊற்றிய கோப்பியைக் குடித்துவிட்டு அதையும் மெச்சினார். கடைசியில் சாட்சிகளை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். குஞ்சம்மா எவர் பிடியும் இல்லாமல் தானே நின்றது. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தில் மடிப்பு விழுந்து, டின்மேல் இருந்த படத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார்.

“துரை சொல்றாங்க, புள்ளைங்கள்ளாம் கொழுகொழுன்னு இருக்குதாம். அதனால பால் கிடைக்கலைன்னு சொன்னது அப்பட்டமான பொய்யாம். புகாரைத் தள்ளிட்டாங்க. விசாரணை முடிஞ்சிதாம். தரத்துல நமக்குத்தான் உலகத்திலேயே முதலிடம். களங்கம் சுமந்தும் கடமை தவறாம எழுதினதுக்கு ஸ்டோர் காளிதாஸுக்கு ஒரு பதக்கம்.”

“பொய்யில்லீங்க துரை!” என்று இருசம்மாள் கத்தினாள். “கொட்டகைக்கு இன்னிக்கி வரைக்கும் ஒரு டின்னும் வரலீங்க!” துரை அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கப்பலுக்கு நேரமாகிறதென்று படியிறங்கிப் போய்விட்டார்.

காரியாலயம் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு காளிதாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தினம் விற்றுக்கொண்டிருந்த பதினெட்டுக் குவளை நாளையோடு போச்சே என்று வடிவேலு வாசலில் நின்றான். முதலிடம் வாங்கிய கிளையில் அடுத்த ஆறு மாதமும் புகாரே இல்லாவிட்டால் தம் கதி என்னவென்று கணேசமூர்த்தி சுற்றறிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் குஞ்சம்மாவை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு லாரி வராது. மறுபடியும் கஞ்சித் தண்ணீர்தான். இரண்டே மாதத்தில் இந்தக் கன்னம் வற்றிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா” என்று கணேசமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார். “உங்களுக்கு வேற ஏதாச்சும் குறை இருக்கா?”

இருசம்மாள் அவரைப் பார்த்தாள். மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். “இருக்குங்க ஐயா. பால் வரல.”

“ஆகா!” கணேசமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். வடிவேலு கோப்பி கொண்டுவர ஓடினான். “யார் மேல புகார்?”

அவள் பெயர் சொல்வதற்குள் காளிதாஸ் புதுக் காகிதத்தை எடுத்து, பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

“என் மேலயே குடுங்கக்கா. பழகிப்போச்சி.”

“பால் காணாமப் போனது என்னைக்கின்னு போடுறது?” என்று கேட்டார் கணேசமூர்த்தி.

காளிதாஸ் சுவரில் மாட்டியிருந்த கப்பல் அட்டவணையை எட்டிப் பார்த்தார். “அடுத்த சரக்கு வெள்ளிக்கிழமைதான் இறங்குது. சனிக்கிழமைன்னு போட்டுக்குங்க.”

இருசம்மாள் கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டு, “அப்ப திங்கக்கிழமை காலையில லாரி வந்திரும்தானே?” என்று கேட்டாள்.