சத்தம் மட்டும் பக்கத்து வீட்டில்

நான் பார்த்த பேய்ப் படங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் திரையில் விழுந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் தாங்காது. (பயமில்லை, முன்னெச்சரிக்கை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஆனால் அந்த முதல் சில நிமிடங்களைப் பற்றிக் கேட்டால் வகுப்பே எடுப்பேன். ஒருமுறை எடுத்தும் தொலைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து ஐதராபாத்துக்கு வேலைக்கு வந்த புதிது. மாரெட்பள்ளியில் ஒரு பழைய அபார்ட்மெண்டில் வீடு எடுத்திருந்தேன். அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். சாப்பாடு கொண்டுவருகிறவர் வாசலில் நின்று "சார், ஓடிபி" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான். அம்மா போனில், "யார்கிட்டயாவது பேசிப் பழகுதியா இல்லியால?" என்று கேட்பாள். அந்த ஓடிபிக்காரரை மனதில் வைத்துக்கொண்டு, "பழகுதேம்மா" என்பேன்.

பேய்ப் படத் தொடக்கங்களில் போய் விழுந்தது அப்போதுதான். எல்லாவற்றிலும் ஒருத்தர் தனியாக வீட்டுக்கு வருவார். சாவியைப் போடுவார். கேமரா அவரோடு உள்ளே போகாது. வீட்டுக்குள்ளேயே, கூடத்தின் கடைசி மூலையில், அவருக்கு முன்பே வந்து காத்திருக்கும். அவர் விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, பையை நாற்காலியில் எறிவதையெல்லாம் அசையாமல் பார்க்கும். பிறகு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு வைப்பதுபோல மெல்ல நகரும். இந்த வீட்டில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள் என்று அப்போது நமக்குப் புரியும். எனக்கு உடம்பு சிலிர்க்கும். கூடவே லேசாகப் பொறாமையும் வரும். நான் சாவியைப் போட்டுத் திறக்கும் வீட்டில் அப்படி யாரும் இருந்ததில்லை.

தார்நாகாவில் ஒரு திரைப்பட ரசிகர் குழு இருப்பது இணையத்தில் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவரின் மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடுவார்கள். புதிதாகச் சேருகிறவர் ஏதாவது ஒரு தலைப்பில் பேச வேண்டும். 'பேய்ப் படத் தொடக்கங்களில் கேமராவும் ஒலியும்' என்று எழுதி அனுப்பினேன். உடனே சரி என்று பதில் வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை. நண்பர்கள் கிடைக்கப் போகிறார்கள்! ஒரு சட்டைகூட வாங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஜெனி வந்து கதவைத் தட்டினாள். அவர்கள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி, அப்பா பீட்டர் அங்கிள், கல்லூரியில் படிக்கும் ஜெனி. அதுவரை லிஃப்டில் சிரித்ததோடு சரி. புது ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார்கள், வேலை செய்கிறதா என்று பார்த்துத் தர வேண்டுமாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கரோடு இணைத்து, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். மறுநாள் ஸ்டெல்லா ஆன்ட்டியின் மாமியாருக்கு முதல் வருஷ நினைவு ஜெபம், அதில் பாட்டுப் போடத்தான் என்றார்கள். டீ கொடுத்தார்கள். நல்லபடியாக வீடு திரும்பினேன்.

மறுநாள் மதியம் பேச்சுக்குத் தயாரானேன். வெளிச்சத்தம் கொஞ்சமும் நுழையாத பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அதுவரை பார்த்திராத ஒரு வெளிநாட்டுப் படத்தை ஓட விட்டேன்.

அசந்து போனேன். சத்தமே இல்லை! இருட்டான ஒரு சமையலறை. கேமரா கிட்டத்தட்டத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒரு கிழவியின் பாதங்கள் மட்டும் மெதுவாக வருகின்றன. ஓர் அலமாரிக் கதவு திறக்கிறது. மூச்சு, இசை, காற்று எதுவும் கிடையாது. கடைசியில் கேமரா சட்டென்று திரும்ப, ஏதோ ஒரு முகம், படத்தின் பெயர். வழக்கம்போல நிறுத்திவிட்டேன். 'முழு மௌனத்தில் ஒரு தொடக்கம்! என்ன துணிச்சல்!' என்று குறித்துக்கொண்டேன். நடுவில் பக்கத்துச் சுவரில் தொம்மென்று ஏதோ அதிர்ந்தது. என் இதயம்தான் அப்படி அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். (நான் அவ்வளவு நுட்பமான ரசிகன்.)

சாயங்காலம் தார்நாகா மாடியில் காபியும் பிஸ்கட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். புதுச் சட்டையில் நின்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். கேமரா காத்திருப்பதைப் பற்றிச் சொன்னபோது விஞ்ஞானி தலையை ஆட்டினார். ஒருவர் எதையோ எழுதிக்கொள்ளக்கூடச் செய்தார்! அந்த உற்சாகத்தில், "இப்போது பாருங்கள், ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது, அந்த மௌனம்தான் நம்மைக் கொல்லும்" என்று சொல்லி, மடிக்கணினியை அவர்களுடைய பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, படத்தைப் போட்டேன்.

சர்ரக், சர்ரக் என்று செருப்புத் தேயும் சத்தம். இழுத்து இழுத்து விடும் கிழட்டு மூச்சு. கிரீச் என்று அலமாரி. நான் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தபோதே கேமரா திரும்பியது. அறையே அதிர ஓர் அலறல்.

அறையில் இருந்தவர்கள் யாரும் பயப்படவில்லை. நான் "அம்மா!" என்று கத்திக்கொண்டு விஞ்ஞானியின் சோபாவுக்குப் பின்னால் பாய்ந்தேன். போகிற போக்கில் காபித் தட்டையும் கூட்டிக்கொண்டு போனேன். தெலுங்கிலும் அம்மா அம்மாதான் என்பதால், புரியாமல் போக வழியே இல்லை.

"சவுண்ட் உந்தி கதா, பாய்?" என்றார் குறிப்பெழுதிய ஆள், ரொம்பப் பொறுமையாக. சத்தம் இருக்கிறதே, தம்பி!

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனால் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் வரும்போது அழுகை முட்டியது. அதை ஒரு கேள்வி வந்து நிறுத்தியது. மத்தியானம் அந்தச் சத்தமெல்லாம் எங்கே போயிருந்தது?

மாடிப்படியில் ஜெனி காத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள்" என்றாள். (எனக்கு இருபத்தாறு வயது.) "மம்மிகி செப்பொத்து, ப்ளீஸ். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"என்னத்தை?"

"ஸ்பீக்கர் ஆன் பண்ணேன், என் போன் கனெக்டே ஆகலை. ஆல்ரெடி உங்க லாப்டாப் கனெக்ட் ஆயிருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

நடந்ததை அவள் சொன்னாள். ஜெபமாலை முடிந்து, எல்லோரும் கண்ணை மூடிப் பாட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து சர்ரக், சர்ரக். செத்துப்போன பாட்டிக்கு ஆஸ்துமாவாம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பாராம். அந்த மூச்சும் நடையும் சமையலறைப் பக்கம் போவதுபோலக் கேட்டு, அலமாரியும் கிரீச்சிட்டதும், ஸ்டெல்லா ஆன்ட்டி நாற்காலியோடு சுவரில் சாய்ந்து அலறியிருக்கிறார்:

"அத்தே! ஊறுகா மேல் தட்டுல இருக்கு அத்தே! உங்க பிரஷருக்காகத்தான் ஒளிச்சு வச்சேன்!"

படத்தின் கடைசி அலறலில், ஜெபம் நடத்த வந்திருந்த ஃபாதரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம்.

அந்த ஊறுகாயில்தான் குடும்பம் இரண்டாகியிருந்தது. பாலாநகரில் இருக்கும் நாத்தனார் ரோஸ்லின், 'கடைசி காலத்துல எங்கம்மா ஆசைப்பட்டதை அண்ணி கொடுக்கல' என்று சாவு வீட்டிலேயே சண்டை போட்டுவிட்டுப் போனவர். அன்றைக்கு ஜெபத்துக்காக மட்டும் வந்து, வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறார். ஸ்டெல்லா ஆன்ட்டி அலறியதும் அவரும் உடைந்துபோய், "நான்தான் அண்ணி திருட்டுத்தனமா வாங்கிக் கொடுத்தேன்! அதுல பிரஷர் ஏறிச்சோன்னு வருஷம் பூரா தூங்கல!" என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

"ரோஸ்லின் அத்தை இன்னும் போகலை. கிச்சன்ல சப்பாத்தி தேய்க்கிறாங்க" என்றாள் ஜெனி. அவள் கண்ணும் சிவந்திருந்தது.

கதவு திறந்து ஸ்டெல்லா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "தம்பி, கைக்கு படியிலயே நிக்கறே? சாப்டியா?" (அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் ஏன்.)

"ஆர்டர் பண்ணிக்கிறேன் ஆன்ட்டி."

"நக்கோ, அதெல்லாம் வேணாம்! உள்ள வா."

போனேன். பீட்டர் அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டார். சப்பாத்தியும் கோழிக் குழம்பும் வந்தன. இரண்டு பெண்களும் மூக்கைச் சிந்திக்கொண்டே பரிமாறினார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு அவ்வளவு நாளாகியிருந்ததால் மூன்றாவது சப்பாத்தியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தார்நாகாவுக்கு நான் மறுபடி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு பக்கத்து வீட்டில் என்று ஆகிவிட்டது.

அடுத்த வருஷ நினைவு ஜெபத்துக்கு ஸ்டெல்லா ஆன்ட்டியே வந்து கூப்பிட்டார். திரும்பிப் போகும்போது, "லாப்டாப்ப ஆஃப் பண்ணிட்டு வா தம்பி" என்றார்.

நான் மேசைமேல் இருந்த மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஹவ், ஆமா, எனக்குத் தெரியும். ஜெனி மூஞ்சியைப் பார்த்து அன்னைக்கே கண்டுபிடிச்சேன். ரோஸ்லின்கிட்ட மட்டும் சொல்லிடாதே, பாவம், நம்பிக்கிட்டு இருக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜெபம் முடிந்து கை கழுவும் இடத்தில் ரோஸ்லின் அத்தை என்னை ஓரங்கட்டினார். "ஏம்ப்பா, அன்னைக்கு அது உன் சினிமாதானே? அண்ணிகிட்ட மூச்சு விடாதே. அவங்க மனசு உடைஞ்சிடும்" என்றார், அதே சிரிப்போடு.

பீட்டர் அங்கிள் என்னை என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் கதவை மூடுவதற்குள் குனிந்து, ரகசியமாக, "படம் பேர் என்ன தம்பி? முழுசாப் பார்க்கணும்" என்றார். "லேடீஸ்கிட்ட சொல்லிடாதே."